டயட் கோச்சிங் தொழிலுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதுமா? ஒரு முழு விமர்சனம்

இணையவழியில் டயட் கோச்சிங் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஆப், வெப்சைட், லோகோ ஆகிய மூன்றைத்தான். மூன்றும் இல்லாமலேயே முதல் 30 கிளையன்ட்டைப் பார்த்துவிடலாம். ஒரு தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், பின்னணியில் ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு ஷீட், பணம் வாங்க ஒரு வழி. இவ்வளவு போதும். 2018இல் வெளிவந்த இந்த இலவச ஆப் இந்தத் தொழிலில் எதைத் தாங்கும், எங்கே கைவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். அதோடு சேர்த்து ஓட்ட வேண்டிய மற்றச் சேவைகளையும் தேவையான அளவுக்குத் தொட்டுப் போகிறோம். மதிப்பெண் 5க்கு 3.5. மீதி ஒன்றரை எங்கே போனது என்று தெரியாமல் தொழிலைப் பெரிதாக்கினால் 40ஆவது கிளையன்ட் வரும்போது எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும்.

இதன் பெரிய பலம் ஒன்றே ஒன்று: கிளையன்ட் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். சுகர், தைராய்டு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை என்று வருகிறவர்களில் பலர் புதிய ஆப் ஒன்றை இறக்கி, பாஸ்வேர்டு போட்டு, தினமும் அதைத் திறக்கும் பொறுமை உள்ளவர்கள் இல்லை. கலோரி எண்ணும் ஆப்பில் கத்தரிக்காய் கொத்சுவைத் தேடி, கிடைக்காமல், அதற்குப் பக்கத்தில் இருப்பது போன்ற ஏதோ ஒன்றைப் போட்டு, நான்காம் நாள் விட்டுவிடுவார்கள். தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். அந்தப் படத்தில் சோறு தட்டின் எத்தனை பங்கு, பொரியல் இரண்டு கரண்டியா ஒரு ஸ்பூனா, அப்பளம் எத்தனை என்று பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சோற்றை மலைபோல் குவித்திருந்தால் மேலிருந்து எடுத்த படத்தில் அளவு தெரியாது. அதனால் பக்கவாட்டில் சாய்த்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரோ கரண்டியோ தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

தொடங்கும்போது செய்யும் தவறுகள்

சொந்த எண்ணிலேயே தொழிலைத் தொடங்குவது முதல் தவறு. சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் ஒரே போனில் ஓடும், ஆனால் எண் வேறாக இருக்க வேண்டும். சொந்த எண்ணைப் பிசினஸுக்கு மாற்றிவிட்டால் சொந்தக்காரர் குரூப்பும் கிளையன்ட்டின் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். இரவு பத்து மணிக்கு அத்தைக்கு அனுப்ப நினைத்த படம் கிளையன்ட்டுக்குப் போவது இப்படித்தான். புது சிம்முக்கு ரீசார்ஜ் தவறாமல் போட வேண்டும். பயன்பாடு இல்லாமல் விட்ட எண்ணை நிறுவனம் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அந்த எண்ணில் கணக்கைத் திறக்கும் வாய்ப்பும் அவருக்குப் போய்விடும். இதற்காகவே 6 இலக்க இருபடிச் சரிபார்ப்பு எண்ணை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

புரொஃபைலில் உங்கள் படிப்பை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உணவியலில் பட்டம் பெற்று, இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனின் தேர்வில் தேறியவர் ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) என்று போட்டுக்கொள்ளலாம். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் பெற்றவர் ‘டயட்டீஷியன்’ என்று போடுவது தவறு. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் சட்டத்துக்குள் டயட்டீஷியன்களும் வருகிறார்கள். அந்தப் படிப்பு இல்லாதவர்களுக்கு நடை, தூக்கம், சமையல் பழக்கம், வேளை தவறாமல் சாப்பிடுவது என்று நிறைய வேலை இருக்கிறது. அதை மட்டும் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் கோச்சிடம் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

தானியங்கிச் செய்திகள்

வாழ்த்துச் செய்தி என்ற வசதி, ஒருவர் முதல் முறை எழுதும்போதோ, 14 நாள் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் எழுதும்போதோ தானாகப் போகும். பலர் இதில் ‘வணக்கம், நாங்கள் விரைவில் தொடர்புகொள்கிறோம்’ என்று போட்டு வீணடிக்கிறார்கள். விசாரிக்க வருகிறவர் அறிய விரும்புவது மூன்று விஷயம்: யாருக்கு இது, எவ்வளவு ஆகும், அடுத்து என்ன செய்ய வேண்டும். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். எடை, சுகர், பிசிஓடிக்கான உணவுப் பயிற்சி தருகிறோம். மாதக் கட்டணம் 3,000 ரூபாய். இதில் 15 நாளுக்கு ஒருமுறை வீடியோ கால், தினசரி உணவுப் பட ஆலோசனை அடங்கும். மருந்து மாற்றித் தருவதில்லை. உங்கள் வயது, முக்கியமான சிக்கல், எடுக்கும் மருந்து இருந்தால் அதன் பெயர் அனுப்புங்கள். காலை 9 முதல் மாலை 7 வரை பதில் வரும்.’

விலையை மறைத்து ‘டிஎம் பண்ணுங்க’ என்று இழுப்பவர்களுக்கு விசாரணை அதிகம் வரும், சேருவது குறைவு. விலையை முதலிலேயே சொன்னால் விசாரணை பாதியாகலாம், அரட்டையில் போகும் நேரமும் பாதியாகும். ‘வெளியே இருக்கிறோம்’ செய்தியை வேலை நேரத்துக்கு அப்பால் மட்டும் போகும்படி அமைத்து, அதில் அவசரம் என்றால் உங்கள் மருத்துவரை அல்லது 108ஐ அழையுங்கள் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். இரவில் கோச்சின் பதிலுக்காகக் காத்திருந்து யாரும் ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது.

குயிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதிவைத்த பதில், 50 வரை சேமிக்கலாம். சாய்வுக்கோட்டைத் தட்டினால் பட்டியல் விரியும். எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ 20தான்: சிறுதானியம் தினமும் சாப்பிடலாமா, பழம் எப்போது, விரத நாளில் என்ன செய்வது, வெளியூர்க் கல்யாணத்தில் எப்படி, எடை ஏன் இந்த வாரம் இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிதானமாக ஒருமுறை நல்ல பதில் எழுதி வையுங்கள். அனுப்பும்போது மேலே அந்த ஆளுக்கென்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே அவர்களுக்குத் தெரிந்துவிடும், இது எல்லோருக்கும் போகும் பதில் என்று.

அரட்டைகளை வகை பிரிக்கும் லேபிள் 20 வரை வைத்துக்கொள்ளலாம். இது குறைவுதான். நோயின் பெயரில் லேபிள் போடுகிறவர்கள் சீக்கிரம் திணறுவார்கள். கட்டத்தின் பெயரில் போடுங்கள்: விசாரணை, ஃபார்ம் அனுப்பியது, பணம் வந்தது, முதல் வாரம், நடப்பு, புதுப்பிக்க வேண்டியது, நின்றவர். இவற்றோடு சிவப்பில் ஒன்று: ‘மருந்து உண்டு’. அந்தச் சிவப்பு லேபிள் உள்ள அரட்டையில் ஒரு மாற்றம் சொல்வதற்கு முன் கை ஒரு நொடி நிற்க வேண்டும். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ஆப் செய்யாத வேலை: பதிவேடு

இந்த ஆப்பில் பெரிய ஓட்டை இதுதான். அரட்டை என்பது ஓடும் தண்ணீர். மூன்று வாரத்துக்கு முன் அவர் அனுப்பிய இடுப்பளவு எவ்வளவு என்று கண்டுபிடிக்க மேலே மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். எடை, இடுப்பு, சுகர் எண்களை அரட்டையிலேயே விட்டுவைத்தால் மூன்றாம் மாதம் ‘எனக்கு என்ன முன்னேற்றம்?’ என்று கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது. அவர் கிளம்பிவிடுவார். கிளையன்ட் விலகுவதற்குப் பலன் வராதது மட்டும் காரணமில்லை, வந்த பலனை யாரும் எடுத்துக் காட்டாததும்தான்.

ஆகவே ஃபார்மும் ஷீட்டும் தேவை. ஃபார்ம் தமிழில், போனில் பத்து நிமிடத்தில் முடியும்படி, 20 கேள்விக்குள் இருக்கட்டும். ‘உங்கள் உணவுப் பழக்கம் எப்படி?’ என்று கேட்டால் எல்லோரும் ‘வீட்டுச் சாப்பாடுதான்’ என்றுதான் எழுதுவார்கள். கேட்க வேண்டியது மளிகைக் கணக்கு. வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை, எத்தனை பாக்கெட் உப்பு. நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு லிட்டர். அது நாளுக்கு ஏறத்தாழ 30 கிராம், ஆறு டீஸ்பூனுக்கு மேல். நான்கு பேருக்கு மூன்று கிலோ சர்க்கரை என்றால் தலைக்கு நாளுக்கு 25 கிராம், அதுவும் பிஸ்கட்டையும் கடை இனிப்பையும் சேர்க்காமல். ஒரு கிலோ உப்பு நான்கு பேருக்கு ஒரு மாதம் என்றால் தலைக்கு நாளுக்கு 8 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். இந்தக் கணக்கை முதல் வீடியோ காலில் சொல்லிக் காட்டினால் எந்த உபதேசமும் தேவைப்படாது. காபி, டீ நாளுக்கு எத்தனை டம்ளர், ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வீட்டில் சமைப்பது யார் என்பதையும் கேளுங்கள். சமைப்பவர் வேறு ஆள் என்றால் அவரையும் முதல் வீடியோ காலில் உட்கார வைக்காவிட்டால் உணவுச் சார்ட் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஃபார்மில் கோப்பு அப்லோடு கேள்வி வைக்காதீர்கள். அதை வைத்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் வாட்ஸ்அப்பில் எச்டியில் படமாகக் கேளுங்கள். மாத்திரைப் பெயரை எழுதச் சொன்னால் ‘சுகர் மாத்திரை, காலை ஒன்று’ என்றுதான் வரும். அட்டையின் பின்பக்கப் படத்தில் மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும்.

ஷீட்டில் ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு தாள் என்று திறந்துகொண்டே போக வேண்டாம். ஒரே தாளில் தேதி, கிளையன்ட் எண், எடை, இடுப்பு, வெறும் வயிற்றுச் சுகர், நடந்த நாள்கள், குறிப்பு என்று வரிசையாகப் போட்டால் பிறகு வடிகட்டி யாருடையதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பெயருக்குப் பதில் எண் போடுங்கள், பெயர்ப் பட்டியல் வேறு தாளில் இருக்கட்டும். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பை மறந்தும் தட்டாதீர்கள். எடையை ஒற்றை நாளில் பார்க்காமல் வாரச் சராசரியாகப் பாருங்கள். முந்தைய நாள் ஊறுகாயும் கடைச் சாப்பாடும் போனாலே நீர் தேங்கி மறுநாள் எடை ஏறியிருக்கும், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் ஏறும். இடுப்பு 15 நாளுக்கு ஒருமுறை போதும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு.

யாரைச் சேர்க்கக் கூடாது

வாட்ஸ்அப்பின் வேகம் இந்த இடத்தில் ஆபத்தாகிறது. விசாரணை வந்த ஐந்து நிமிடத்தில் பணம் வாங்கி, பத்தாவது நிமிடத்தில் சார்ட் அனுப்பிவிட முடியும். அப்படிச் செய்யக் கூடாது. இன்சுலின் போடுகிறவர், கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் மருந்து அதே அளவில் வேலை செய்யும். சுகர் 70க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, மயங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ வகை உணவு கொடுத்தால் சுகர் அளவு அதிகம் ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரக்கூடும். குளுக்கோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்குத் திடீரெனக் கீரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்தின் வேலையைக் குலைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ‘நல்லது’ என்று இளநீரும் வாழைப்பழமும் புரதப் பொடியும் சொல்வது பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தின் சுமையையும் ஏற்றும்.

இவர்களில் எவரும் வந்தால் மருத்துவரின் ஒப்புதல் கையில் வந்த பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்றால் தகுதி பெற்ற டயட்டீஷியனிடமோ மருத்துவரிடமோ அனுப்பிவிடுங்கள். மருந்தைக் குறைக்கச் சொல்லவும் கூட்டச் சொல்லவும் கோச்சுக்கு எந்த உரிமையும் இல்லை. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலும் தொலைவழியில் மருந்து எழுதும் உரிமையைப் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே தருகிறது. 50 குயிக் ரிப்ளையில் ஒன்று இதற்கென்றே இருக்கட்டும்: ‘சுகர் 70க்குக் கீழே என்றால் உடனே 3 டீஸ்பூன் நிறையச் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி குடித்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.’ மருந்து எடுக்கும் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் முதல் நாளே இதை அனுப்பி, படித்ததாகப் பதில் வாங்குங்கள்.

குரூப், பிராட்காஸ்ட், விளம்பரம்

தனித்தனியாகப் பார்ப்பதிலிருந்து பலரை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் பேட்ச் முறைக்குப் போகும்போது எல்லோரும் செய்வது ஒரு குரூப் திறப்பது. குரூப்பில் 1,024 பேர் வரை இடமுண்டு. ஆனால் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். எடை குறைக்க வந்த பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஆள் தனியாகச் செய்தி அனுப்புவதும், குரூப்பிலிருந்தே இன்னொரு கோச் ஆள் பிடிப்பதும், சத்துமாவு விற்பவர் பட்டியலை உருவிக்கொண்டு போவதும் இதனால்தான். பல குரூப்பை ஒன்றாகக் கட்டும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. பேட்சுக்கு அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வேண்டும் என்றால் பெண்களுக்குத் தனிக் குரூப், 20 பேருக்கு மிகாமல், நீங்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து, மற்ற நேரத்தில் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டி வையுங்கள். ஒருவருடைய ரிப்போர்ட்டைப் பற்றிக் குரூப்பில் பேசவே கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை. பெறுபவர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பணம் வந்தவுடன் அனுப்பும் முதல் செய்தியிலேயே ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டு, சேமித்த ஸ்க்ரீன்ஷாட்டை வாங்கிவிடுவது நல்ல பழக்கம். தெரியாத எண்களை எங்கிருந்தோ விலைக்கு வாங்கி மொத்தமாக அனுப்பும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். நாலு பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண் தடைபடும். தடைபட்டால் கிளையன்ட் எல்லோரும் அதோடு போவார்கள். தொழிலை வளர்க்கப் பொறுமையான வழி வாட்ஸ்அப் சேனலும் இன்ஸ்டாவும் யூடியூப் ஷார்ட்ஸும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முன்வாசகத்தோடு வாட்ஸ்அப் லிங்க் கொடுங்கள்: ஒன்றில் ‘இன்ஸ்டாவில் பார்த்தேன்’, இன்னொன்றில் ‘யூடியூப் பார்த்தேன்’. எங்கிருந்து வந்தார் என்பது முதல் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டா) பணம் கட்டி விளம்பரம் போடும்போது ‘முன் - பின்’ படங்களை வைத்தால் விளம்பரம் நிராகரிக்கப்படும். ‘90 நாளில் சுகர் குணம்’ என்ற வாசகம் அதைவிட மோசம். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் உடல்பருமனும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன; பொடியோ லேகியமோ சேர்த்து விற்றுக்கொண்டு இப்படி எழுதினால் நேராக அதில் போய் மாட்டுவீர்கள். உணவுப் பொருள் எதை விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். உடல்நலம் பற்றிப் பேசும் இணையப் பிரபலங்களுக்கு 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை தனி வழிகாட்டுதல் கொடுத்தது: தகுதி உள்ளவர் அதைச் சொல்ல வேண்டும், இல்லாதவர் ‘இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல’ என்று தெளிவாகக் காட்ட வேண்டும். வீடியோவின் அடியில் யாரும் விரித்துப் பார்க்காத இடத்தில் போட்டால் போதாது.

பணம்

ஜிபே, போன்பே எண்ணைக் கொடுத்து வாங்குவதில் கட்டணம் இல்லை. முதல் பத்துப் பேருக்கு அதுவே சரி. சிக்கல் கணக்கில் வரும். அம்மாவுக்கான கட்டணம் பெங்களூரில் இருக்கும் மகன் கணக்கிலிருந்து வரும், மனைவிக்கானது கணவர் பெயரில் வரும். மாதக் கடைசியில் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். குறிப்பில் கிளையன்ட் எண்ணை எழுதச் சொல்லலாம், எழுத மாட்டார்கள். ரேசர்பே போன்ற சேவையில் ஆளுக்கொரு பேமென்ட் லிங்க் அனுப்பினால் இந்தத் தேடல் தீரும். 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 3,000 ரூபாய்க்கு 70 ரூபாய் 80 காசு. கொடுக்கத் தகும். மாதாமாதம் தானாகப் போகும் யுபிஐ ஆட்டோபே வைக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகும். அந்த நாளில்தான் ரத்து செய்வார்கள். ஆகவே அதற்கு இரண்டு நாள் முன்பு, ஷீட்டிலிருந்து எடுத்த அந்த மாத எண்களை ஒரு பக்கமாக அனுப்பிவிடுங்கள்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் 3,000 ரூபாய் கட்டும் 55 பேர் ஆண்டு முழுக்க இருந்தால் 19 லட்சத்து 80 ஆயிரம். 56ஆவது ஆள் வரும்போதே கோட்டைத் தாண்டுகிறீர்கள். மருத்துவச் சேவைக்கு உள்ள விலக்கு கோச்சிங்குக்கும் தானாகப் பொருந்தும் என்று எண்ணி விலையை வைக்காதீர்கள். பின்னாளில் 18 சதவீதம் உங்கள் லாபத்திலிருந்து போகும்.

வெளிநாட்டுத் தமிழர்கள்

சிங்கப்பூர், லண்டன், டொரண்டோவிலிருந்து வரும் கிளையன்ட்களிடம் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று நேரம். சென்னையில் காலை 6 மணி என்பது டொரண்டோவில் கோடையில் முந்தைய நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரத்தில் வீடியோ கால் தவறிப்போகும். கூகுள் காலண்டரின் முன்பதிவுப் பக்கத்தைக் கொடுத்துவிட்டால் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும்.

இன்னொன்று அளவு. அங்கே சுகரை வேறு அலகில் சொல்கிறார்கள். ‘6.2’ என்று வந்தால் 18ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 112. வெறும் வயிற்றில் 7 என்பது 126, அதாவது நீரிழிவுக் கோடு. பிரிட்டனில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) ‘48’ என்று வரும், அது நம்முடைய 6.5 சதவீதம். ஃபார்மில் ஊரையும் அலகையும் சேர்த்துக் கேளுங்கள், ஷீட்டில் மாற்றிய எண்ணையே போடுங்கள். பணத்துக்கு பேபால் உதவும். 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் அது ஓடாது, வெளியிலிருந்து வாங்க மட்டும் ஓடும். பிடித்தம் கணிசமாக இருக்கும், அதைச் சேர்த்தே வெளிநாட்டு விலையை வையுங்கள்.

எங்கே கைவிடும்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர், நாளுக்கு மூன்று தட்டுப் படம், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் தினம் ஒன்றரை மணி நேரம். 15 நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு 20 நிமிடக் கால் என்றால் வாரம் ஐந்து மணி நேரம். இதற்கு மேல் விசாரணை, சார்ட், ஷீட். ஒரு ஆள் இதைத் தாங்கலாம். 60 பேர் என்றால் படம் பார்ப்பதற்கே நாளில் மூன்று மணி நேரம் போகும், பதில் ‘சூப்பர்’, ‘ஓகே’ என்று சுருங்கும், அதற்கு யாரும் 3,000 ரூபாய் கட்ட மாட்டார்கள். விலையை ஏற்றுவது, பேட்சுக்கு மாறுவது, ஆள் வைப்பது என்று மூன்று வழிதான்.

பேட்ச் என்றால் வாரம் ஒரு வகுப்பு. வாட்ஸ்அப் வீடியோ காலில் 32 பேர்தான் சேர முடியும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம், 100 பேர் வரை. இருவர் மட்டும் பேசும் காலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தொடக்கத்தில் மீட் போதும், வகுப்பை 50 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

ஆள் வைக்கும்போதுதான் இந்த ஆப் உண்மையிலேயே ஏமாற்றும். போன் தவிர இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம், உதவியாளரின் மடிக்கணினியில் திறந்து கொடுக்கலாம். ஆனால் திறந்தால் எல்லாமே திறந்துதான் இருக்கும். ஒருவருடைய கருத்தரிப்பு ரிப்போர்ட்டும் இன்னொருவருடைய மனநல மாத்திரையும் உதவியாளர் பார்க்கத் தேவையில்லாதவை. அதை மறைக்க இங்கே வழியில்லை. உதவியாளருக்கு விசாரணைக்கென இன்னொரு எண், உங்களுக்குச் சிகிச்சை விவரங்கள் வரும் எண் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது செலவில்லாத தீர்வு. வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைக்கும் ஏபிஐ வழிக்குப் போனால் ஆளுக்கொரு உள்நுழைவு, யார் என்ன பதில் அனுப்பினார் என்ற பதிவு எல்லாம் கிடைக்கும்; ஆனால் 2025 ஜூலை முதல் டெம்ப்ளேட் (முன்பே ஒப்புதல் பெற்ற) செய்திக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம், அதற்கு மேல் இடைநிலை நிறுவனத்தின் சந்தா. 100 கிளையன்ட்டைத் தாண்டாதவர்களுக்கு அது தேவையில்லை.

கடைசியாக பேக்கப். ஆண்ட்ராய்டில் அரட்டை பேக்கப் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபியில்தான் போய் உட்காரும். அதே இடத்தைத்தான் ஜிமெயிலும் ஷீட்டும் படங்களும் பங்கிடுகின்றன. தட்டுப் படங்கள் குவியும் இந்தத் தொழிலில் அது விரைவில் நிரம்பும், நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். தொழில் எண்ணுக்குத் தனிக் கூகுள் கணக்கு வையுங்கள், பேக்கப்பை மறைகுறியாக்கம் செய்து பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். அது தொலைந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. தட்டுப் படங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழிக்கலாம், எண்கள் ஷீட்டில் இருந்தால் போதும். நின்றுபோன கிளையன்ட்டின் ரிப்போர்ட் படங்களை ஆறு மாதத்துக்கு மேல் போனில் வைத்திருக்காதீர்கள். நீக்குவதற்கு முன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பி, வேண்டுமென்றால் அவருடைய எண்கள் முழுவதையும் ஒரு பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள்.